எஞ்சின் பிளான்டில் என்ன நடக்கிறது? எல்லைப் பக்கத்து வீடுகளில் கேட்கிற கேள்விகள்

சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா, ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டை என்று தமிழ்நாடு-ஆந்திர எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிற இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐடிஐ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போனால், கொடுத்த காபி ஆறுவதற்குள் இந்தக் கேள்விகள் வந்துவிடும். கார் எஞ்சின் செய்கிற ஒரு பிளான்டில் பதினெட்டு வருடம் இருந்தேன். முதலில் மெஷினிங் லைன், பிறகு பாகங்களை அளந்து பார்க்கிற கேஜ் ரூம். வீடு வீடாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

கார் பிளான்ட் வேறு, எஞ்சின் பிளான்ட் வேறா?

ஆமாம், வேறு. கார் பிளான்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப், வெல்டிங், பெயின்ட், கடைசி அசெம்பிளி என்று பெரிய கூடங்கள் இருக்கும். எஞ்சின் அங்கே முழுசாக வந்து இறங்குகிற ஒரு பாகம். அதைச் செய்கிற இடம் அதே காம்பவுண்டுக்குள் இருக்கலாம், வேறு மாநிலத்தில் இருக்கலாம், வேறு நாட்டிலும் இருக்கலாம். குஜராத்தின் சனந்தில் ஃபோர்டின் கார் பிளான்ட் 2023 ஜனவரியில் டாடா கைக்கு மாறியது. பக்கத்திலேயே இருந்த எஞ்சின் பிளான்டை ஃபோர்டு விடாமல் நடத்தியது. கார் விற்பதை நிறுத்திய பிறகும் எஞ்சின் ஏற்றுமதி போய்க்கொண்டிருந்தது.

எஞ்சின் பிளான்டுக்குள்ளும் இரண்டு உலகம் உண்டு. மெஷினிங்கில் இரும்பையும் அலுமினியத்தையும் கடைந்து, துளைத்து, தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். அசெம்பிளியில் பாகங்களைச் சேர்ப்பார்கள். பிள்ளை இன்டர்வியூவுக்குப் போகும்போது எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளட்டும். வேலையும் வேறு, கற்றுக்கொள்வதும் வேறு.

நம் பக்கம் எஞ்சின் தயாராகிறதா?

ஆகிறது. தடா பக்கத்துத் தொழில்நகரமான ஸ்ரீசிட்டியில் இசுஸு பிளான்ட் 2016 ஏப்ரலில் திறந்தது. பிக்கப்பும் எஸ்யூவியும் செய்கிற இடம். 2020-ல் இரண்டாம் கட்டமாக பிரஸ் ஷாப்பும் எஞ்சின் அசெம்பிளி பிளான்டும் அதே வளாகத்தில் வந்தன. அங்கே செய்வது 1.9 லிட்டர் டீசல் எஞ்சின்.

வண்டிதான் முதலில், எஞ்சின் பிறகு. பெரும்பாலும் எங்கேயும் இதுதான் வரிசை. எஞ்சின் லைனுக்கு முதலீடு மிக அதிகம். எத்தனை வண்டி விற்கும் என்று தெரியாமல் யாரும் அதில் பணம் போட மாட்டார்கள். அதுவரை எஞ்சினைத் தாய் நிறுவனத்திலிருந்து இறக்கிக்கொள்வார்கள்.

கொஞ்சம் தெற்கே போனால் இந்தத் தொழிலின் வேர் இருக்கிறது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார் சேர்த்தது. அதுதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. செம்பியத்தில் சிம்சன் 1950-களிலேயே பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்தது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் மிட்சுபிஷி லான்சரைக் கொண்டுவந்தது. அதே வருடம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. எண்ணூருக்கும் திருவள்ளூருக்கும் வேலைக்குப் போன தாத்தாக்களும் அப்பாக்களும் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள்.

லைன் வைத்து எஞ்சின் செய்வது எப்போது, எங்கே ஆரம்பித்தது?

நகரும் லைன் என்றால் எல்லோரும் முழுக் காரைத்தான் நினைப்பார்கள். ஆனால் அது முதலில் ஓடியது எஞ்சினின் ஒரு பாகத்துக்காக. 1913-ல் டெட்ராய்ட் பக்கத்தில் ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில், தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னட்டோவை ஒரே ஆள் உட்கார்ந்து சேர்த்தால் சுமார் 20 நிமிடம் ஆனது. அந்த வேலையை 29 பேருக்குப் பிரித்து, பாகம் தானாக நகரும்படி வைத்தார்கள். 13 நிமிடம் 10 நொடிக்கு இறங்கியது. அப்புறம் லைனின் உயரத்தை 8 அங்குலம் தூக்கினார்கள். ஆள் குனிய வேண்டியதில்லை என்றானதும் 7 நிமிடம். கடைசியில் 5 நிமிடம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 8 அங்குலம்தான். முதுகு வலிக்காத ஆள் வேகமாகவும் சரியாகவும் செய்வான் என்பதை நூறு வருடத்துக்கு முன்பே அளந்து பார்த்துவிட்டார்கள். இன்றும் ஒரு ஸ்டேஷனில் தப்பு அடிக்கடி வருகிறது என்றால், நல்ல சூப்பர்வைசர் முதலில் மேஜை உயரத்தைத்தான் பார்ப்பார்.

1920-களில் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் மோரிஸ் எஞ்சின் தொழிற்சாலை, எஞ்சினின் உடலான பிளாக் ஒரு முனையில் ஏறி வரிசையாக எல்லாத் துளையும் போட்டுக்கொண்டு மறுமுனையில் இறங்குகிற மெஷினைச் செய்து பார்த்தது. யோசனை சரி. அதைக் கட்டுப்படுத்துகிற நுட்பம் அன்றைக்கு வளரவில்லை. 1951-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் பக்கத்தில் ஃபோர்டு திறந்த எஞ்சின் பிளான்டில்தான் அது பெரிய அளவில் கைகூடியது. ஆட்டோமேஷன் என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியதில் அந்த பிளான்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மாதிரி மெஷின் ஒரே எஞ்சினை மட்டும்தான் செய்யும், மாடல் மாறினால் கிடையில் கிடக்கும். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற சிஎன்சி மெஷின் வந்த பிறகு புரோகிராமை மாற்றினால் போதும் என்றாகிவிட்டது.

கரடுமுரடான பிளாக் எப்படி எஞ்சின் ஆகிறது?

பிளாக், அதை மேலே மூடுகிற ஹெட், பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்குகிற கிராங்க் ஷாஃப்ட், வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராட் ஆகிய ஐந்தையும் பிளான்டில் ஃபைவ்-சி பார்ட்ஸ் என்பார்கள். எஞ்சினின் உயிர் இந்த ஐந்தில் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். இந்த ஐந்திலும் எதைத் தானே மெஷின் செய்வது, எதை வாங்குவது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் முடிவு.

பிளாக் ஃபவுண்டரியிலிருந்து வார்ப்பாக வரும். இரும்பு வார்ப்பாக இருக்கும், அல்லது அலுமினியத்துக்குள் இரும்பு லைனர் வைத்ததாக இருக்கும். முதல் வேலை, அது நம்பி உட்கார ஒரு தளமும் இரண்டு துளையும் போடுவது. கடைசி வரை எல்லா அளவும் அந்த இரண்டு துளையிலிருந்துதான் பிறக்கும். வீட்டுக்கு மூலைமட்டம் பார்த்துக் கயிறு கட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கோணினால் பின்னால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சரியாகாது. அப்புறம் முகங்களை மில் செய்வது, சிலிண்டரைப் போர் செய்வது (துளையை அளவுக்குக் கடைவது, அந்தத் துளைக்கும் போர் என்றுதான் பெயர்), எண்ணெய்த் துளைகள். கிராங்க் உட்காரும் வளையங்களின் மூடியைப் போட்டு முறுக்கிய பிறகே எல்லா வளையத்தையும் ஒரே நேர்கோட்டில் கடைவார்கள்.

கடைசியாக ஹோனிங், சிலிண்டர் சுவரைத் தேய்த்து இறுதி அளவுக்குக் கொண்டுவருவது. சிலிண்டர் சுவரில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வரக்கூடாது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் இருக்க வேண்டும். அந்தக் கீறலில்தான் எண்ணெய் தங்கும். கோலம் போட்ட மாதிரி இருக்கிறதே என்று முதல் நாள் நான் கேட்டேன். கீறல் போதாவிட்டால் பிஸ்டன் ரிங் காய்ந்து தேயும், அதிகமானால் வண்டி எண்ணெய் குடிக்கும்.

கிராங்க் ஷாஃப்ட் இன்னொரு கதை. கடைதல், எண்ணெய்த் துளை, தேய்கிற இடத்தை மட்டும் மின்சாரத்தால் சூடாக்கிக் கடினப்படுத்துவது, கிரைண்டிங், சுழற்றிப் பார்த்து எடை சமன் செய்வது, கடைசியில் மெருகு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கனெக்டிங் ராட். அதன் பெரிய வளையத்தை இரண்டாக்க வேண்டும், அப்போதுதான் கிராங்க்மேல் மாட்ட முடியும். முன்பு அறுத்து, அறுத்த முகத்தைத் தேய்த்துப் பொருத்தினார்கள். இப்போது லேசரால் இரண்டு பக்கமும் கோடு கீறி, ஒரே இழுப்பில் உடைக்கிறார்கள். உடைந்த முகம் கரடுமுரடாக இருக்கும். அந்தக் கரடுமுரடு அந்த ஒரு மூடிக்கு மட்டும்தான் பொருந்தும், மைக்ரான் நகராமல் அதே இடத்தில் போய் உட்காரும். மூடி மாறிப்போனால் இரண்டு ராடும் வீண்.

அசெம்பிளியில் கிராங்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் பேரிங் ஷெல் வைப்பார்கள். பிளாக்கின் அளவு எந்தப் பிரிவு, கிராங்கின் அளவு எந்தப் பிரிவு என்று இரண்டிலும் குறியிட்டிருக்கும். இரண்டையும் பார்த்து எந்த நிறம் பூசிய ஷெல் என்று முடிவாகும். ஹெட் போல்ட்டை முதலில் குறிப்பிட்ட விசைக்கு முறுக்கி, பிறகு இத்தனை டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்புவார்கள். ஒவ்வொரு போல்ட்டின் கணக்கும் அந்த எஞ்சின் நம்பரோடு கம்ப்யூட்டரில் பதிவாகும்.

மைக்ரான், மைக்ரான் என்கிறீர்களே, அது என்ன அவ்வளவு முக்கியம்?

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் பருமன். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்க்கு விடுகிற இடம் முடியின் பருமனில் பாதி இருந்தாலே பெரிது. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் கிராங்க் மிதக்கிறது.

சரி, நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். சூடானால் உலோகம் நீளும். ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும், அலுமினியம் 23. அதனால் உலகம் முழுக்க, அளவு என்று சொன்னால் 20 டிகிரி செல்சியஸில் எடுத்த அளவு என்று அர்த்தம். ஐஎஸ்ஓ அமைப்பு வெளியிட்ட முதல் தரநிலையே இந்த 20 டிகிரியைப் பற்றியதுதான். மே மாதம் தடா ஸ்டேஷனில் இறங்கினால் நாற்பது டிகிரி. கேஜ் ரூமில் எப்போதும் 20. நான் சால்வை போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன்.

ஒரு சித்திரை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வாஷிங் மெஷினிலிருந்து பிளாக் சூடாக வரும். அதை ஆறவிட்டு அளக்க வேண்டும் என்பது விதி. அன்று லைன் பின்தங்கியிருந்தது. ஆறவிடும் நேரத்தைக் குறைத்தார்கள், நானும் மறுத்துப் பேசவில்லை. 86 மில்லிமீட்டர் போர், இருபது டிகிரி அதிகச் சூடு. கணக்குப் போட்டால் கேஜ் சுமார் 20 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். போர் பெரிதாகிறது என்று நினைத்து ஹோனிங்கில் அளவைக் குறைத்தேன். மாலை ஷிப்டில் ஆறின பிளாக்கை எடுத்து அளந்த தம்பி ஓடி வந்தான். மதியத்திலிருந்து போன அத்தனை பிளாக்கும் சின்னப் போர். நல்லவேளை, போர் சின்னதாக இருந்தால் மறுபடி ஹோனிங் செய்து காப்பாற்றலாம். பெரிதாகியிருந்தால் எல்லாம் உலைக்குத்தான்.

நானே போய் என் ஷிப்டில் நடந்தது என்று சொன்னேன். திட்டு விழுந்தது. ஆனால் உடனே சொன்னதால் ஒரு பிளாக்கூட அசெம்பிளிக்குப் போகவில்லை. அன்றிலிருந்து எனக்குக் கீழ் வந்த பிள்ளைகளிடம் கேஜ் காட்டுவதை எழுது, நீ விரும்புவதை எழுதாதே என்று சொல்லி வந்தேன். எஞ்சின் பிளான்டில் கெட்டிக்காரன் என்று பெயரெடுப்பவர்கள் எல்லோரும் அளவில் பொய் சொல்லாதவர்கள்.

எதற்கு இவ்வளவு சுத்தம்? இரும்பு வேலைதானே?

துளையின் ஓரத்தில் நிற்கிற பிசிறை பர் என்போம். அரிசிக் குருணை அளவு பர் ஒன்று எண்ணெய்த் துளையில் ஒட்டியிருந்து, வண்டி ஓடும்போது கழன்று பேரிங்கில் போய் மாட்டினால் எஞ்சின் முடிந்தது. அதனால் கழுவுவது ஒரு தனித் துறை. கழுவின நீரை வடிகட்டி, வடிகட்டித் தாளை எடைபோட்டு, எத்தனை மில்லிகிராம் அழுக்கு வந்தது என்று பார்ப்பார்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று. கிரைண்டிங் முடித்த கிராங்கை வெறும் கையால் தொட்டால், வியர்வை பட்ட இடத்தில் மறுநாள் விரல் ரேகை துருவாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். துருத்தடுப்பு எண்ணெய் பூசி, அதற்கென்று வருகிற பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பார்கள்.

கடைசியில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்களா?

முன்பு எல்லா எஞ்சினையும் பெட்ரோலோ டீசலோ ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அதற்கு ஹாட் டெஸ்ட் என்று பெயர். இப்போது பெரும்பாலான இடங்களில் எல்லாவற்றுக்கும் கோல்டு டெஸ்ட். எரிபொருள் கிடையாது, மின்மோட்டாரால் எஞ்சினைச் சுற்றுவார்கள். சுற்ற எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது, எண்ணெய் அழுத்தம் எவ்வளவு, காற்று உள்ளே போய் வெளியே வரும் அலை எப்படி என்று சென்சார் பார்க்கும். ஒரு ரிங் போடாமல் விட்டால் அலையின் வடிவத்திலேயே தெரிந்துவிடும். ஹாட் டெஸ்ட்டுக்குச் சிலவற்றை மட்டும் எடுப்பார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை எஞ்சின் போகும்?

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மறைமலைநகரில் ஃபோர்டு மறுபடி எஞ்சின் செய்யப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. முதலீடு 3,250 கோடி ரூபாய், ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், தொடக்கம் 2029. வருடம் 300 நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு சுமார் 783. ஏழரை மணி நேரம் வீதம் இரண்டு ஷிப்ட் என்றால் 54,000 நொடி. ஒரு எஞ்சினுக்குக் கிடைப்பது 69 நொடி. மூன்று ஷிப்ட் போட்டால் நூறு நொடி சொச்சம்.

இந்த நேரத்தை டாக்ட் டைம் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனும் அந்த நொடிகளுக்குள் தன் வேலையை முடிக்க வேண்டும். கஷ்டம் வேகத்தில் இல்லை. ஒரே வேலையை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை, கடைசித் தடவையும் முதல் தடவை மாதிரிச் செய்வதில் இருக்கிறது.

உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

கவனிக்காவிட்டால் ஆகும். மெஷினில் பாய்கிற கூலன்ட், எண்ணெய் கலந்த நீர். கையில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குத் தோல் வெடித்து அரிக்கும். ஞாயிறு முழுக்க மெஷின் நின்றால் பாக்டீரியா வளர்ந்து திங்கள் காலை புளித்த நாற்றம் அடிக்கும். நாற்றம் வந்தால் மெயின்டனன்ஸில் சொல்லுங்கள், சகித்துக்கொள்ள வேண்டாம். கையுறை எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றுகிற ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை போட்டால் கையையே இழுத்துவிடும்.

காதுக்கு பிளக் போடுங்கள். முதல் நான்கு வருடம் ஏர் அடித்துப் பாகத்தைத் துடைக்கிற இடத்தில் பிளக் இல்லாமல் நின்றேன். இன்று என் பேத்தி இடது பக்கம் வந்து ரகசியம் சொன்னால் எனக்குக் கேட்பதில்லை.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக. கனமானதை ஹாய்ஸ்ட் தூக்கும், போல்ட் முறுக்கும் கருவியின் உதறலை அதோடு பொருத்திய இரும்புக் கை தாங்கிக்கொள்ளும். எங்கள் அசெம்பிளியில் வால்வு கிளியரன்ஸ் அளப்பதில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது சூளூர்பேட்டையிலிருந்து வந்த இரண்டு பெண்களைத்தான். இரவு ஷிப்ட், பஸ் வீட்டு வாசல் வரை வருமா, இதை மட்டும் முதலிலேயே கேளுங்கள்.

சர்டிபிகேட் ஆந்திராவில், வேலை தமிழ்நாட்டில். செல்லுமா?

தேசியத் தொழிற்சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், டீசல் மெக்கானிக் எல்லாவற்றுக்கும் எஞ்சின் பிளான்டில் இடம் உண்டு.

மறுபக்கம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆந்திராவில் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று 2019-ல் சட்டம் போட்டார்கள். அதில் பார்ப்பது வசிக்கும் இடத்தை, வீட்டில் பேசும் மொழியை இல்லை. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. அதனால் வீட்டில் தமிழ் பேசுகிற சத்தியவேட்டுப் பிள்ளை ஆந்திரக்காரன்தான். இருப்பிடச் சான்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிக்காகப் பயப்பட வேண்டாம். லைனில் பாதி தமிழ், பாதி தெலுங்கு, பாகங்களின் பெயரெல்லாம் ஆங்கிலம். அண்ணா என்று கூப்பிட்டால் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சம்பளம்?

கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரன்டிஸா என்று முதலில் கேளுங்கள். அப்ரன்டிஸுக்குக் கிடைப்பது உதவித்தொகை. பிஎஃப், இஎஸ்ஐ இருக்காது. காலம் முடிந்தால் வேலை நிச்சயம் என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரக் கார் வந்தால் இந்த வேலை போய்விடாதா?

இந்தப் பயம் நியாயமானது. பிரிட்டனில் வேல்ஸின் பிரிட்ஜென்ட் என்ற ஊரில் ஃபோர்டு எஞ்சின் பிளான்ட் 1980-ல் திறந்தது. நாற்பது வருடத்தில் இரண்டு கோடிக்கும் மேல் எஞ்சின் செய்தது. 2020 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். ஊரையே சோறு போட்டு வளர்த்த பிளான்ட்.

ஆனால் நம் நாட்டில் 2029-க்கு எஞ்சின் லைன் போடுகிறார்கள் என்றால், அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்கு வேலை இருக்கிறது என்று அவர்கள் கணக்கு போட்டிருக்கிறார்கள். ஹைபிரிட் காருக்கும் எஞ்சின் வேண்டும். என் யோசனை, அசெம்பிளியைவிட மெஷினிங்கும் அளவெடுப்பதும் கற்றுக்கொள்வது நல்லது. மின்மோட்டாருக்கும் ஷாஃப்ட் உண்டு, கியர் உண்டு, பேரிங் உட்காரும் இடம் உண்டு. கிராங்கை மூன்று மைக்ரானுக்குள் அளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஷாஃப்ட்டை அளக்க ஒரு வாரம் போதும்.

முதல் நாள் எப்படிப் போகணும்?

மோதிரம், வாட்ச், கைக்கயிறு எதுவும் வேண்டாம், சுற்றுகிற மெஷினில் மாட்டும். பக்கிள் வெளியே தெரிகிற பெல்ட் வேண்டாம், ஹெட்டின் முகத்தில் கீறல் விழும். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். சாமி கயிற்றைக் கழற்ற அம்மா சம்மதிக்கவில்லை என்றால், கையிலிருந்து எடுத்து அரைஞாணில் கட்டிவிடச் சொல்லுங்கள். எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள்.